கயிறு பிடிக்க ஒரு ஆள்

"கயித்தப் பிடிக்க ஆள் வரணும் சார். வந்ததும் எறங்கிருதேன்" என்றான் கௌதம்ராஜ், மூன்றாவது முறையாக.

கல்லூரி மொட்டைமாடியில் நின்ற பாண்டிதுரைக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, இந்த ராஜபாளையம் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியராக இருப்பவர். சொன்ன நேரத்துக்கு ஒரு காரியம் நடக்காவிட்டால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

கீழே பந்தல் நிறையக் கூட்டம். பழங்குடியினர் தின விழா. ஏற்பாடு முழுக்க அவருடைய தங்கை வெங்கடேஸ்வரி. அதே கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். பளியர்கள் மலையில் தேன் எடுப்பதை மாணவர்களுக்குச் செய்து காட்டுவதுதான் கடைசி நிகழ்ச்சி. பாறைக்குப் பதிலாக மாடிச் சுவர். இரண்டாம் மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய தேனடையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மேலிருந்து காட்டுக்கொடியில் திரித்த கயிற்றில் இறங்கி அதை அறுத்து வர வேண்டியவன் கௌதம்ராஜ். செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்புக்காரன், ஸ்ரீவில்லிபுத்தூரில் வனக்காப்பாளர். சட்டையைத் தேய்த்து மடிப்புக் கலையாமல் வந்திருந்தான்.

"எல தழையக் கட்டிக்கிட்டு வருவேன்னு பாத்தேன்" என்றார் பாண்டிதுரை.

"அது போன வருசம் ஒங்க காலேஜுப் பிள்ளைக தழையக் கட்டிக்கிட்டு ஆடுனது சார். எங்க சனமெல்லாம் வந்து ஆச்சரியமாப் பாத்துட்டுப் போச்சு."

பாண்டிதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையனைப் பிடித்துத்தான் இருந்தது. கயிற்றை அவன் சுருட்டிய விதத்தில் பட்டாளத்து ஒழுங்கு தெரிந்தது.

"அந்தத் தூண்ல கட்டிட்டு எறங்க வேண்டியதுதானலே."

"தூணுக்கு நான் யாருன்னு தெரியாது சார்."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும். ஒன் ஆளு வருவானா மாட்டானா? ஒரு போனப் போடு."

"போன்ல சொல்லுத விசயம் இல்ல சார். வருவாருன்னுதான் நெனச்சேன்."

"இங்க பாரு, என் தங்கச்சி ஒரு வருசமா சனிக்கிழம தவறாம ஒங்க குடியிருப்புக்கு நாயா அலைஞ்சு பண்ண விழா இது. எங்க சனத்துல ஒம்பது மாப்பிள்ள காட்டிட்டேன். ஒருத்தன் பேசவே மாட்டேங்கான், ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கான்னு அம்புட்டுப் பேரையும் தட்டிவிட்டா. மொதல்ல பளியர் வரலாறு முடியட்டும்ணேங்கா. வரலாறு எங்கலே முடியும்?"

சொல்லும்போது சிரித்தாலும் அவருக்கு அது பெரிய கவலை. அப்பா போன பிறகு அவளுக்கு இருப்பது அவர் ஒருவர்தான். அவள் ஒரு நல்ல இடத்தில் வாழ்வதைப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

போன் அடித்தது. வெங்கடேஸ்வரி.

"அண்ணே, இன்னும் எறங்கலையா? விருந்தாளி கிளம்பணும்ங்காங்க."

"கயிறு பிடிக்க ஆள் வரலையாம். நான் பிடிக்கட்டுமா?"



"நீயாண்ணே? நெசமாவா?"

"ஏட்டி, பனிமலையில எத்தன பேர எறக்கிவிட்டிருக்கேன். இந்த மூணு மாடி எனக்கொரு பெரிசா?"

"பிடிச்சா விட்றக் கூடாதுண்ணே. அவிய திரும்ப மேல ஏறி வார வரைக்கும்."

"விடுவனா?"

போனை வைத்துவிட்டாள். அவள் குரல் கம்மியிருந்தது. காலையிலிருந்து மைக்கில் கத்தினால் தொண்டை என்ன ஆகும் என்று பாண்டிதுரை நினைத்துக்கொண்டார்.

"குடுலே கயித்த."

கௌதம்ராஜ் உடனே கொடுக்கவில்லை. "யாரும் சொல்லிப் பிடிக்கீங்களா சார், நீங்களாப் பிடிக்கீங்களா?"

"நானாத்தாம்லே பிடிக்கேன். எழுதிக் குடுக்கணுமா?"

சுவரோரத் தூணில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தான். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மேற்கே மலையைப் பார்த்துக் கும்பிட்டான். கைப்பிடிச் சுவரைத் தாண்டி இறங்கினான்.

பாண்டிதுரை கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டுக்கொடுத்தார். கீழே கைதட்டல் எழுந்தது. பட்டாளத்தான் கைப்பிடி பட்டாளத்தான் கைப்பிடிதான் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மைக்கில் வெங்கடேஸ்வரியின் குரல் கேட்டது.

"மாணவர்கள் கவனிங்க. பளியர்கள் தேன் எடுக்கப் பாறையில் இறங்கும்போது மேலே கயிறு பிடிக்கிறவர்தான் முக்கியம். அதை யார் கையிலும் கொடுக்க மாட்டாங்க. கூடப் பிறந்தவன் கையில்கூடக் கொடுக்க மாட்டாங்க. கட்டிக்கிட்டவளோட அண்ணனோ தம்பியோதான் பிடிக்கணும். கல்யாணம் ஆகலைன்னா, கட்டிக்கப்போறவளோட அண்ணன். தன் தங்கச்சியோட வாழ்க்கை அந்தக் கயிற்றில் தொங்குதுன்னு தெரிஞ்சவன், எவ்வளவு கோபம் வந்தாலும் விட மாட்டான்னு ஒரு நம்பிக்கை."



பாண்டிதுரை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். கூட்டம் முழுக்கத் தேனடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரி மட்டும் மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. பாதிச் சுவரில் தொங்கிய கௌதம்ராஜும் தேனடையைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வருடத்துச் சனிக்கிழமைகளும் ஒன்பது மாப்பிள்ளைகளும் எல்லாம் ஒன்றாக அவர் நினைவுக்கு வந்தது. கோபம் வரத்தான் செய்தது.

"ஏலே" என்று ஆரம்பித்தவர், அதை அப்படியே நிறுத்தினார். கயிற்றைத் தூணில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அங்கன என்ன வாய் பாத்துக்கிட்டு? தேன எடுத்துட்டு மேல வாங்க மாப்ள."