மூன்று விரல் தடம்

என் கணவரின் ஜப்பானிய மேலதிகாரியின் மனைவி மொரிதா, தானே வனைந்து சூளையில் சுட்ட கோப்பை ஒன்றைப் பொங்கலுக்குத் தந்தாள். வாய் கோணலாக இருந்தது. சாம்பல் நிறப் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து பாதியில் உறைந்திருந்தது. அடிப்பக்கம் மூன்று இடங்களில் பூச்சே இல்லை. சரியாக வராததை என் தலையில் கட்டிவிட்டாள் என்று நினைத்து, வீட்டுவேலைக்கு வரும் மாரிக்கனிக்கென்று அதை ஒதுக்கிவிட்டேன். டீ குடித்ததும் அவளே கழுவி, மற்றப் பாத்திரங்களோடு சேராமல் பின்ஜன்னலில் கவிழ்த்துவைப்பாள். ஆறு மாதம் கழித்து மொரிதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்த மாரிக்கனியின் கையில் கோப்பையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பூச்சில்லாத இடங்களில் மாரிக்கனியின் விரல்கள் பொருந்தியிருப்பதைக் காட்டி, கற்றுக்கொண்டிருக்கும் தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "பூச்சுல முக்கும்போது நான் பிடிச்ச இடம். இவங்களும் அங்கேயே பிடிக்கிறாங்க."

"எனக்குன்னே அக்கா குடுத்ததும்மா," என்றாள் மாரிக்கனி.

மொரிதா என்னைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கினாள். பிறகு கோப்பையை வாங்கி, மீதமிருந்த டீயில் ஒரு வாய் குடித்துவிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "எங்க ஊர் டீ விருந்துல எல்லாருக்கும் ஒரே கோப்பைதான். நீங்களும் குடிங்க."

என் கை எழவில்லை. மாரிக்கனிதான் முந்திக்கொண்டு கோப்பையை வாங்கினாள். "இருங்கக்கா, நல்லா தேய்ச்சுக் கழுவித் தரேன்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.