மழைக்கு வளரும் குழி

எந்தக் காலத்திலோ வானத்திலிருந்து விழுந்த இரும்புப் பாறை அது. மழைத்தண்ணீர் தேங்கித் துரு அரித்து, நடுவில் தொட்டில்போலக் குழி விழுந்திருந்தது. நாற்று நடும்போது செல்லக்கிளி கைக்குழந்தையை அதில்தான் படுக்கவைப்பாள். காய்ச்சலில் மகள் போன பிறகும், வருஷா வருஷம் மழைக்குக் குழி நீண்டுகொண்டே வந்தது.

பாறையை ஆராய்ச்சிக்கு ஏற்றிப்போக லாரி வந்து நின்றது.

"குடுத்திருவோம். இனி நமக்கு எதுக்கு இது?" என்றான் அவள் புருஷன் சன்னாசி.

அவள் ஒரு புதுக் கவுனைக் குழிக்குள் விரித்தாள். "போன தீபாவளிக்கு இந்தக் குழிய அளந்துதான் தச்சேன். இப்பப் பாருங்க."

சன்னாசி குனிந்து, கவுனை இழுத்து இழுத்துப் பார்த்தான். நாலு விரல் பத்தவில்லை.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"இந்த வருசம் இவள ஒண்ணாப்புல சேக்கணுமே," என்றான் சன்னாசி.