பூனை மேல் போட்ட பழி

"ஆள் காணுறதுக்கு முன்னால கொண்டு போங்க. முன்வாசலால வேணாம், குசினிப் பக்கத்தால போங்க" என்று ரபீகா கணவனை அவசரப்படுத்தினாள்.

ஜவாஹிரின் தோளில் இருந்த பெரிய கறுப்புப் பை கனத்தது. "என்ன பாரம் புள்ள இது! யாரும் கண்டா, ஆளக் கொண்டு பொதைக்கப் போறேனெண்டு நெனப்பாங்க."

"நெனச்சா நெனக்கட்டும். உள்ளுக்கு ஈக்கிறது என்னெண்டு தெரியிறத விட அது நல்லம்."

உள்ளே இருந்தது வீட்டாரின் மூன்று கிழமை உடுப்பு. திகனவில் மழை பிடித்த நாளிலிருந்து துவைத்து, கொடியில் போட்டு, நனைந்து, வீட்டுக்குள் இழுத்து, கதிரைகளிலும் கதவுகளிலும் விரித்து, காயாமல் மறுபடியும் துவைத்தவை. வினாகிரியில் ஊறவைத்தாள். அப்பச்சோடா போட்டாள். தேசிக்காய் பிழிந்தாள். கடைசியில் ஜவாஹிரின் சட்டையில் அச்சாறு வாசம் வந்ததே தவிர, அந்த ஈரப் புழுக்க வாடை போகவில்லை.

இன்றைக்கு அது வீட்டில் இருக்கக் கூடாது. மகன் அஹ்னாபைப் பார்க்க, ஹுன்னஸ்கிரியவிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். போன முறை வேறிடத்திலிருந்து வந்தவர்கள், "பொடியன் தங்கம்தான், வீட்டுக்குள்ளதான் என்னமோ நாத்தம்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் மாப்பிள்ளையின் சிகரெட்டால் கலியாணம் குழம்பும், சீதனத்தால் குழம்பும். உம்மாவுக்கு உடுப்புக் காயவைக்கத் தெரியாததால் குழம்பியது உலகத்திலேயே தன் மகனுக்கு மட்டும்தான் இருக்கும் என்று ரபீகா நினைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தன் மூக்கிலும் நம்பிக்கை இல்லை, தன் கையிலும் நம்பிக்கை இல்லை.

ஜவாஹிர் பையை வேனில் ஏற்றி, சந்தியில் நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அதற்குள் அவள் சாம்பிராணி போட்டு முடித்திருந்தாள். பிறகு அறை அறையாகப் போய்த் திரைச்சீலை, மெத்தை, துவாய் எல்லாவற்றையும் மோந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளை எடுக்க வேண்டிய வயதில் மோப்ப நாய் உத்தியோகம் கிடைத்திருக்கிறதே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

பெண்ணின் உம்மா ஹபீலாவும் வாப்பா ஹாஷிமும் வந்து சேர்ந்தார்கள். ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, கதிரைகளில் உட்கார்ந்தார்கள். ரபீகா பலகாரத் தட்டை வைக்கக் குனிந்தாள்.

வந்துவிட்டது. அதே வாடை.

எங்கேயோ ஒரு காலுறை தப்பிவிட்டது! கை தவறியதுபோல் ஒரு கரண்டியை விழவிட்டு, எடுக்கும் சாக்கில் கதிரைக்கு அடியில் பார்த்தாள். ஹாஷிமின் கால்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது ஹபீலா சங்கடத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரபீகாவின் வாய் தானாகத் திறந்தது. "பக்கத்து ஊத்தத் தண்ணிக் கான் அடைச்சிட்டு, ராத்தா. மழைத் தண்ணி நிண்டு நாத்தம் உள்ளுக்கே வருது."

"ஓ, கானா? ஈக்கும், ஈக்கும். மழைக்கு அப்பிடித்தான்!" என்று ஹபீலா வேகமாகத் தலையாட்டினாள்.

"ஃபேனப் போடவா?"

"ஐயோ, வேணாம்!" என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் சொன்னார்கள். பாவம், குளிராக்கும் என்று ரபீகா எண்ணிக்கொண்டாள்.

அவள் வீட்டு அரிச்சந்திரன் வாய் திறந்தார். "கான் போன கிழமதானே துப்புரவாக்கினாங்க?" என்றார் ஜவாஹிர்.

ரபீகா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அதில்லாட்டி, அந்தப் பூனையா ஈக்கும். கதிரைக்குக் கீழ வந்து அசிங்கம் பண்ணிட்டுப் போகும்."

"எந்தப் பூன?"

"பக்கத்து வீட்டுப் பூன!"

"அவங்கட பூன செத்து ரெண்டு வருஷமே புள்ள?"

"இது அதிட குட்டி!"

இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஊரிலுள்ள ஆடு மாடு எல்லாவற்றையும் அவள் அந்தக் கதிரைக்கு அடியில் கட்டியிருப்பாள். அஹ்னாப் வந்து ஸலாம் சொன்னான், வேலையைப் பற்றி ஏதோ சொன்னான். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மூக்கு மட்டும்தான் வேலை செய்தது.

ஹாஷிம் தேநீரை அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தார். முடிந்தது என்று ரபீகாவுக்குத் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனாள், ஒரு வாடையைப் பூனைக்குப் பின்னால் மறைக்க முடியவில்லை.

ஹாஷிம் வாகனத்தை நோக்கி நடந்தார். ஹபீலா வாசலிலேயே நின்று, ரபீகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"ராத்தா, எங்களுக்கு முழு விருப்பம். உங்களப் போல ஒரு மாமி கெடைக்க எண்ட மகள் குடுத்து வெச்சிருக்கோணும்."

ரபீகா திகைத்துப்போனாள். "நான் அப்பிடி என்ன செஞ்சேன்?"

"எங்கட மானத்தக் காப்பாத்தத்தானே இல்லாத பூனையெல்லாம் கொண்டு வந்தீங்க?"

"உங்கட மானமா?"

ஹபீலா தன் அபாயாவின் கைப்பகுதியை அவள் மூக்கருகே நீட்டினாள்.

"வெயில் கண்டு ஒரு மாசம், ராத்தா. நாறினது எங்கட உடுப்பு!"