உள்மடிப்பு

மண்டபத்துத் தரை முழுக்க ஊர் விரிந்து கிடந்தது.

வெள்ளைத் துணிகளை ஒட்டுப்போட்டு, அதன் மேல் தெருக்களையும் வீடுகளையும் கறுப்பு மையால் வரைந்திருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த ஜனம், அவரவர் வீட்டைத் தேடிப்பிடித்து அதன் மேல் ஏறி நின்றது. பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்கள் இங்கேயும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

தையல்காரம்மா மட்டும் தன் வீட்டின் மேல் நிற்கவில்லை. அவள் கையில் கடல் இருந்தது.

நீலத் துணி. அவளே வெட்டி, அவளே ஓரம் அடித்தது.

வெயில் கூடக் கூடக் கடல் ஏறி வருகிறதாம். இன்றைய பிள்ளைகள் பெரியவர்களாகும்போது அது எதுவரை வரும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்துவிடட்டும் என்பதற்காக, ஊர் சர்வேயர் கூட்டிய கூட்டம் இது. நீலத்துக்குள் வருகிற இடத்தில் இனி யாரும் குடியிருப்பதில்லை, அதைக் கோரைக்கும் கொக்குக்கும் விட்டுவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

தண்ணீரின் ஓரத்தை அவர் செய்தித்தாளில் வெட்டி, அளவு சட்டை கொடுப்பதுபோல அவள் கடையில் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"வளர்ற தண்ணி அக்கா. கொஞ்சம் தாராளமாவே தைங்க" என்று சிரித்தார்.

அதை அவளிடம் சொல்லவே வேண்டாம். பள்ளிச் சீருடை எதைத் தைத்தாலும் உள்ளே துணி விட்டு மடித்துத்தான் தைப்பாள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். மிச்சம் என்று வெட்டி எறிய அவளுக்குக் கை வராது.

மகளின் வீடு கோரைக்காட்டை ஒட்டி இருந்தது. எங்கோ தூரத்தில் வாழ்ந்துவிட்டு, போன வருஷம்தான் அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று வந்து கட்டிய வீடு. காலையில் பேத்தி தூக்கக் கலக்கத்தோடு கடைக்கு வந்து தையல் மெஷினுக்கு அடியில் சுருண்டுகொள்வாள். மகளும் ஒரு காலத்தில் அதே இடத்தில், அதே வெட்டுத்துணிக் குவியலில் தூங்கியவள்தான்.

மருமகன் கறாராகச் சொல்லிவிட்டான். வீடு நீலத்துக்குள் வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு தன் அண்ணன் இருக்கும் ஊருக்கே போய்விடுவார்களாம். அங்கே போவதென்றால் விடிய விடிய ரயில். தையல்காரம்மாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"ம், தூக்குங்க" என்றார் சர்வேயர். அவர் கடல் பக்கத்து நுனியைப் பிடித்திருந்தார். இந்தப் பக்கத்து நுனி அவளிடம்.

துணி மேலே எழும்பியது. மின்விசிறிக் காற்றை வாங்கி வயிறு உப்பி, இறங்க மனமில்லாததுபோல் அங்கேயே கொஞ்ச நேரம் மிதந்தது. ஜன்னல் வெயில் அதன் வழியாக விழுந்து எல்லோருடைய முகமும் நீலமானது. வாய் ஓயாத மளிகைக்கடைக்காரர்கூட அண்ணாந்து பார்த்தபடி நின்றார். எங்கோ ஆழத்தில் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. இப்படியே, இறங்காமலேயே இருந்துவிட்டால் தேவலை என்று நினைத்தாள்.

இறங்கியது.

படகுத்துறைத் தெரு முழுசாக உள்ளே போனது. நின்றிருந்த ஆட்கள் நீலத்துக்குள் மேடு மேடாகத் தெரிந்தார்கள். உள்ளே யாரோ இருமினார்கள். பள்ளிக்கூடம் போனது, பேருந்து நிறுத்தம் போனது, கோரைக்காடு போனது.

மகள் வீட்டு வாசலில் வந்து துணி நின்றுவிட்டது.

வரைபடத்தில் தன் அறை எது என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பேத்தி, காத்திருந்து அலுத்துப்போய் அங்கேயே படுத்துத் தூங்கியிருந்தாள். அவள் குதிகாலுக்கு ஒரு விரல் தள்ளி நீலத்தின் ஓரம் கிடந்தது.

மருமகன் மூச்சை விட்டான். பார்த்து வெகுநாளான சிரிப்பு அவன் முகத்தில் வந்தது.

"அம்மா, நம்ம வீடு தப்பிச்சிடுச்சும்மா." மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தையல்காரம்மா கேட்டது கிடைத்துவிட்டது. மகள் எங்கேயும் போகமாட்டாள். நாளைக்கும் மெஷினுக்கு அடியில் பேத்தி வந்து படுப்பாள். ராத்திரி அந்த வீட்டில், அந்த அறையில் தூங்குவாள்.

மின்விசிறிக் காற்றுக்குப் பேத்தி உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

"குளிருது போல. எதையாவது போத்தி விடும்மா" என்றாள் மகள்.

தோளில் கிடக்கும் துண்டைத்தான் எடுப்பாள் என்று மகள் நினைத்திருப்பாள். தையல்காரம்மா துண்டைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்தாள். நீலத் துணியின் ஓரத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கட்டைவிரல் நகத்தால் தடவி, தையலின் முடிச்சைக் கண்டுபிடித்து, பல்லால் கடித்தாள். நூலை இழுத்தாள். தளர்வாகப் போட்ட தையல்தான், ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

அந்த ஓர் இடத்தில் மட்டும் துணி இரட்டையாக மடிந்து உள்ளே கிடந்தது. அதை விரித்து விட்டாள்.

நீலம் பேத்தியின் காலை மூடி, இடுப்பை மூடி, மார்பை மூடிக் கழுத்துவரை ஏறியது. குழந்தைக்குக் கதகதப்பாக இருந்திருக்கவேண்டும். தூக்கத்திலேயே அதை இழுத்து இன்னும் மேலே போர்த்திக்கொண்டாள். மடிப்பு விழுந்திருந்த கோட்டையே மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடிப்பைப் பிரித்த பிறகு இருந்ததுதான் சர்வேயர் கொடுத்த அளவு.