சோதனை எழுத்துகள்

கூடத்தில் இருந்தவர்கள் நான், இளைய மகன் சேந்தன், மூத்த மருமகள் பவளம், என் மனைவியின் தம்பி மாசிலாமணி. சுவரில், மாலைக்குள், என் மனைவி.

வாசலில் மூத்தவன் தவசி.

மூன்று மாதம் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்துவிட்டு நேரே வருகிறான்.

கடலடியில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தி அனுப்பக்கூடாது என்பது விதி. வந்ததும் நானே சொல்கிறேன் என்று கடற்படைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

தவசி தொப்பியைக் கழற்றினான்.

மொட்டை.

மீசையும் இல்லை.

மாசிலாமணிதான் வாயைத் திறந்தான். “என்ன மருமவனே, தண்ணிக்கடியில மொட்டை போடவும் ஆள் வச்சிருக்காவளோ?”

நான் சேந்தனைப் பார்த்தேன்.

அவனுக்கு விமானத்தில் வேலை. கடலுக்கு மேலே வட்டமடித்தபடி, கிலோமீட்டர் கணக்கில் நீளும் கம்பியைத் தொங்கவிடுவார்கள். அதன் வழியே கீழே இருக்கும் கப்பல்களுக்கு உத்தரவு போகும். கீழிருந்து பதில் வராது.

உத்தரவுக்கு முன், கம்பியைச் சோதிக்கச் சில எழுத்துகளை அனுப்புவான். எந்த எழுத்து என்பது அவன் இஷ்டம்.

கீழே அதைக் கேட்பது தவசியின் வேலை.

அம்மாவை எரித்த மூன்றாம் நாள் சேந்தன் பறக்கப் போனான்.

லீவு இருந்தது. இருந்தும் போனான்.

அன்று நான் ஏன் என்று கேட்கவில்லை.

வெளியே தெரிந்தால் இருவருக்கும் சீருடை போகும். சிறையும் உண்டு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சீருடை. ஒருவர் மீதும் ஒரு குற்றக் குறிப்பு கிடையாது.

சேந்தன் தரையைப் பார்த்தான்.

தவசி படத்தைப் பார்த்தான். திடுக்கிடவில்லை.

“ஒங்க அம்மா போயிட்டா” என்றேன். முறைக்குச் சொல்லியாக வேண்டும்.

“தெரி...”

“இப்பத்தாம்ல ஒனக்குத் தெரியும்.”

தவசி படத்துக்குக் கீழே விழுந்து கும்பிட்டான். வெகுநேரம் எழவில்லை. சேந்தன் போய் அவன் அருகில் உட்கார்ந்தான்.

மாசிலாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பி குடிக்காமல் போனான்.

ஊரில் இப்போது ஏதேதோ பேசுகிறார்கள்.

அது பொய்.

நீர்மூழ்கிக் கப்பலில் குளிக்கத் தண்ணீர் குறைவு. அங்கே எல்லோரும் மொட்டை அடித்துக்கொள்வார்கள்.

மீசையையும் எடுப்பார்கள்.