பத்துக்கு நாலரை

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் காலை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தாண்டவராயன் "உயிர் போகுதே" என்று அலறியதில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. நர்ஸ் ஜெசிந்தா ஓடிவந்தாள்.

"வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க, சார்? ஏழு வந்தாத்தான் வலியை அடக்குற ஊசி. குறைஞ்சா மாத்திரையும் ஐஸ் பையும்தான்."

தாண்டவராயன் அலறலை நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முட்டியை விடைத்தாளைப் போல உற்றுப் பார்த்தார்.

"நாலரை."

"தாராளமா ஒரு ஒன்பது போடுங்களேன்," என்றாள் மனைவி செண்பகவல்லி.

"முப்பத்திரண்டு வருஷத்துல எவனுக்கும் நான் பத்துக்கு ஆறுக்கு மேல போட்டதில்லை. இந்த முட்டிக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கணுமா?"

ஜெசிந்தா எழுதிக்கொண்டு ஐஸ் பையை வைத்தாள். அப்புறம் வந்த பெரிய டாக்டர், "ஊசியே இல்லாம எப்படிச் சமாளிக்கிறார் பாருங்க!" என்று கூட வந்த மருத்துவ மாணவர்களுக்குக் காட்ட, அவர்கள் கைதட்டினார்கள். தாண்டவராயன் பல்லைக் கடித்தபடி கும்பிட்டார்.

கூட்டம் நகர்ந்ததும் ஜெசிந்தாவைக் கிட்டே கூப்பிட்டார்.

"கருணை மதிப்பெண் ஒரு ரெண்டு சேர்த்துக்கலாமாம்மா?"

"அப்பவும் அரை குறையுதே, சார்."

அந்த அரை மார்க்குக்கு முட்டி லாயக்குதானா என்று அவர் கண்ணை மூடி யோசிக்க ஆரம்பித்தார்.