நாலாவது பாடம்

"வேணும்னே தப்பா வாசிக்கிறாளா? என்ன பேச்சு மிஸ் இது?"

பிளம்பர் போட்ட சத்தத்தில் மியூசிக் மிஸ் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. வாசல் பெஞ்சில் தன் பெரிய மகளின் வகுப்புக்காகக் காத்திருந்த பல் டாக்டரம்மா, கையிலிருந்த பத்திரிகையை மடித்துவிட்டுக் காதை மட்டும் உள்ளே அனுப்பினார். சும்மா கிடைக்கிற சண்டையை யார் விடுவார்கள்?

மிஸ் அசையவில்லை. "கத்தாதீங்க. உங்க பொண்ணு அடுத்த மாசத்துலேருந்து வர வேண்டாம். முடிவு பண்ணியாச்சு. இந்த இடத்துக்கு ஒன்பது பேர் காத்திருக்காங்க."

அந்த ஒன்பதில் முதல் பெயர் டாக்டரம்மாவின் சின்ன மகளுடையது. அதனால் பெஞ்சு இன்னும் கொஞ்சம் கதவருகே நகர்ந்தது.

பிளம்பரின் பத்து வயதுப் பெண் கீபோர்டு முன்னால் காலை ஆட்டிக்கொண்டு, தரையில் எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, போலாம்ப்பா" என்றாள் மெதுவாக.

"நீ வாயை மூடு! எட்டு மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், ரெக்கார்டிங் தவறியிருக்கா மிஸ்? சொல்லுங்க!"

தவறவில்லை. மிஸ்ஸின் சட்டம் அப்படி. வாரம் இரண்டு நாள் வகுப்பு. மற்ற நாட்களில் வீட்டில் பாடத்தை வாசித்து, மாலை ஏழு மணிக்குள் போனில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். வீடியோ கூடாது, சத்தம் மட்டும் போதும். கண்ணைவிடத் தன் காதுமேல் மிஸ்ஸுக்கு அவ்வளவு கர்வம். மூன்று நாள் தவறினால் பெயரை வெட்டிவிடுவார். பேங்க் மேனேஜர் மகனே மூன்றாம் நாள் மூட்டை கட்டியவன்தான்.

"தவறல. அதுதான் என் கோபமே" என்றார் மிஸ். "வகுப்புல வெண்ணெய் மாதிரி வாசிக்கிறா. ஒரு தரம் சொன்னா போதும், பிடிச்சுக்கிறா. அதே பொண்ணு வீட்டுக்குப் போனா கல்லுடைக்கிறா! என்ன அர்த்தம்? 'இந்தா உன் வீட்டுப்பாடம், வச்சுக்கோ'ன்னு என் மூஞ்சில வீசறா. சங்கீதம் வராத பிள்ளைங்களோட இருபது வருஷம் மாரடிச்சிருக்கேன், சலிச்சதில்ல. வந்தும் வராத மாதிரி நடிக்கிறதை மட்டும் என்னால பொறுத்துக்க முடியாது."

"நடிப்பா?" பிளம்பரின் குரல் உடைந்தது. "தினம் ஒரு மணி நேரம் மிஸ்! சாப்பாடு ஆறிப் போகும், எழுந்திருக்கிறதில்ல. அந்த மூணாவது வரியில இடது கை எத்தனை தரம் இடறும்னு எங்க வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். நீங்க என்ன பதில் எழுதறீங்க? செவ்வாய்க்கிழமை 'விரலா, உலக்கையா?' வியாழக்கிழமை 'தாளம் ஊருக்குப் போயிருக்கா?' ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'பரவாயில்ல'ன்னு எழுதினா உங்க கை தேஞ்சு போயிடுமா?"

ஒவ்வொரு கிழமையும் மனப்பாடமாக வந்து விழ, மிஸ்ஸுக்கு ஒரு கணம் சங்கடமாகத்தான் இருந்தது. மறு கணம் அதுவும் கோபமாக மாறியது.

பிளம்பர் விடவில்லை. "உங்க வீட்டு சிங்க் ஒழுகினப்ப, கூப்பிட்ட பத்தாவது நிமிஷம் வந்தேனே, மறந்துட்டீங்களா?"

"அது இன்னும் ஒழுகுது!"

வாசலில் டாக்டரம்மா இருமுவதுபோல் சிரித்தார். பிறகு நல்ல மனசுக்காரராகத் தலையை நீட்டினார். "விட்டுடுங்களேன். எல்லாப் பிள்ளைக்கும் சங்கீதம் வரணும்னு சட்டமா? நீச்சல்ல சேர்த்து விடுங்க."

"உங்களை யாரும் கேக்கலம்மா! நீங்க பல்லைப் பாருங்க!"

மிஸ் போனை எடுத்தார். "சரி, உங்க காதாலயே கேளுங்க. நேத்து வந்தது." சத்தத்தை முழுசாகக் கூட்டி மேசைமேல் வைத்தார்.

வலது கை முன்னால் போயிற்று. இடது கை மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தது, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி ஒரே கடைக்குப் போவதுபோல. மூன்றாவது வரியில் விரல் கறுப்புக் கட்டையைத் தவறவிட்டு இரண்டு வெள்ளைக் கட்டைகளைச் சேர்த்து மிதித்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அதே இடத்தில் அதே மிதி.

"எங்க வீட்டு நாய் மாடிப்படி ஏறினாக்கூட இதைவிடத் தாளமா இருக்கும்" என்றார் டாக்டரம்மா, யாரையும் பார்க்காமல்.

பிளம்பரின் முகம் செங்கல் நிறமாயிற்று. பெண் ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வேண்டாம்ப்பா... ப்ளீஸ்ப்பா."

"கேட்டீங்களா?" மிஸ் போனை அணைத்தார். "இதுல ஒரு துளி சங்கீதம் இருக்கா? இவ்வளவு நல்லா வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை, திமிர் பிடிச்சு வாசிச்சாத்தான் இவ்வளவு மோசமா வாசிக்க முடியும்!"

"திமிருமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல!" பிளம்பர் மகளின் கையை உதறினார். "இவ பையை வீசிட்டுப் பந்து விளையாட ஓடிடறா. பேரை வெட்டிடுவீங்களேன்னு, பகலெல்லாம் குழாய் முறுக்கின கையைக் கழுவிட்டு நான்தான் உக்கார்றேன்... நாப்பத்தாறு வயசுல, சொல்லித்தர ஆளில்லாம, புத்தகத்தைப் பாத்துக் கத்துக்கிறவனுக்கு நாலாவது பாடம் இப்படித்தான் மிஸ் வரும்!"